மஞ்சள் விளக்கு எரியுது மைனி

பிக்கப் வண்டிகளின் புகைக்குழாயில் இருக்கும் சென்சார்களைச் சரிபார்ப்பது என் தொழில்; அந்தச் சென்சார்களை நம்பாதவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை.

தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசையில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. வீட்டுக்காரர் ஸ்பேனர் பிடிக்கிறார், நான் ஸ்கேனர் பிடிக்கிறேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் கிடைத்த பலன் இது. அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை மைனி என்று கூப்பிடுவார்கள். அண்ணன் பெண்டாட்டிக்கு உள்ள மரியாதை அந்தக் கூப்பாட்டில் இருக்கும். நான் சொல்வதைக் கேட்பதில் மட்டும் இருக்காது.

எங்களிடம் வருவது பெரும்பாலும் ஐந்தாறு வருஷம் ஓடித் தேய்ந்த டீசல் பிக்கப்புகள்தான். வாரண்டி இருக்கும்வரை கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது முடிந்ததும் வண்டிக்காரர்கள் முதலில் டீக்கடையில் யோசனை கேட்பார்கள். அடுத்து வெல்டிங் பட்டறையில் கேட்பார்கள். இரண்டு இடத்திலும் கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் வண்டியை என்னிடம் கொண்டுவருவார்கள். மிக்சி, பல், முதுகுவலி என்று எதையாவது சரிசெய்து பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பிள்ளையார் மறைத்த விளக்கு

வெள்ளத்துரை பாவூர்சத்திரத்துக்காரன். பழைய பிக்கப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, விடியுமுன் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை வழியாக மலையேறி, புனலூரில் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் இறக்குவான். தினமும் ஒரு ஓட்டம். அந்த ஒரு ஓட்டத்தில்தான் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். என்னிடம் முதல்முதலாக வந்தபோதே இரண்டு தடவை லேட்டாகப் போய்ச் சேர்ந்து அவனுக்குப் பேர் கெட்டிருந்தது. இன்னொரு தடவை லேட்டானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று புனலூர்க்காரர் சொல்லிவிட்டாராம். மலைப்பாதையில் ஏறும்போது திடீரென்று வண்டி இழுவை இல்லாமல் மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது என்றான்.

டேஷ்போர்டைப் பார்த்தேன். ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்கும் டீசல் காட்டுகிற முள்ளுக்கும் நடுவில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். வண்டிக்குள் எவ்வளவோ இடம் இருக்க, பிள்ளையார் ஏன் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்தார் என்று நகத்தால் சுரண்டினேன். அவருக்குப் பின்னால் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நாலு மாதமாக எரிகிறதாம். ஏதோ ஒரு சென்சார் கோளாறு சொல்கிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு. கண்டுகொள்ளாமல் விட்டால், இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடும். மாட்டுவண்டி ரகசியம் இவ்வளவுதான். எதற்கு மறைத்தாய் என்று கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் சொன்னான்.

“அது எரியிறதப் பாத்தா ஓட்டும்போது மனசு கெட்டுப்போவுது மைனி. அதான் சாமிய ஒட்டுனேன்.”

அட்டையில் எடுத்த பாடம்

அப்போது எனக்கு இன்னும் பொறுமை என்று ஒன்று இருந்தது. பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் பேனாவால் படம் போட்டேன். இது இன்ஜின், இது புகைக்குழாய், இது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கிற பில்டர். பில்டருக்கு முன்னால் ஒரு ரப்பர் ட்யூப், பின்னால் ஒரு ரப்பர் ட்யூப். இரண்டும் ஒரே சென்சாருக்குப் போகும். முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் பில்டர் அடைக்கிறது என்று அந்தச் சென்சார் கண்டுபிடித்துவிடும். அவன் வண்டியில் முன்பக்கத்து ட்யூப் பிய்ந்து தொங்கியது. வெல்டிங் பட்டறையில் யாரோ அதை கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். பிய்ந்த ட்யூப் வழியாகச் சென்சாருக்கு என்ன தெரியும், தெரியாததைக் கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்லும் என்று இருபது நிமிஷம் விளக்கினேன்.

வெள்ளத்துரை கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டான். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. பில்டரில் சேர்ந்த கரியை வண்டி பிறகு என்ன செய்யும் என்ற பாடத்தை ஆரம்பிக்கும் முன்னால், இதுவரைக்கும் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான். அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதோடு யாருக்கும் படம் போடுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

“எல்லாம் வெளங்கிட்டு மைனி. இதுல ஹாரன் வயரு எங்கன போவுது?”

கழற்றுகிற கட்சி

வெளியாட்களை மட்டும் குறை சொன்னால் பாவம். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு டீசல் இன்ஜின் என்றால் உயிர், வயர் என்றால் வேப்பங்காய். பில்டரைக் குடைந்து காலி செய்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். வெள்ளத்துரைக்கும் அதையே சொல்லி ஆசை காட்டிக்கொண்டிருந்தார். எப்.சி. சோதனைக்குப் போனால் மாட்டிக்கொள்வான், தினமும் கேரளத்துக்குள் போகிற வண்டி, அங்கே வண்டியை நிறுத்திப் புகையைச் சோதித்தால் ஓட்டமே போய்விடும் என்று நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். கரும்புகையை ஊருக்குள் விட்டுத்தான் பிழைக்க வேண்டுமா என்றும் கேட்டேன். ஊருக்கு நல்லது என்ற அந்தக் கடைசிப் பேச்சு அவர் காதில் விழவே இல்லை. ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனிக்காரன் கை சும்மா கெடக்காம மாட்டுனான். என் கை சும்மா கெடக்காம கழட்டுதேன்னு சொல்லுது. இதுல ஒனக்கு எங்கட்டி வலிக்கி?”

முப்பதில் போகும் மிலிட்டரி

சிவகிரியிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் பிக்கப் கொண்டுவந்தார். மீசை, சட்டை, வண்டி மூன்றும் அயர்ன் பண்ணினது மாதிரி இருந்தன. சர்வீஸ் தேதிகளை எல்லாம் நோட்டில் எழுதிவைத்திருந்தார். இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்று எனக்குப் புல்லரித்தது. ஸ்கேனரை மாட்டினால் பில்டர் தொண்டை வரைக்கும் கரி. விசாரித்ததில் வீட்டிலிருந்து வயலுக்கு ஒன்றரை மைல், வயலிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மைல், அதற்கு மேல் அந்த வண்டி எங்கேயும் போனதே இல்லை. அதுவும் முப்பது வேகத்துக்கு மேல் கிடையாது.

பில்டரில் கரி நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலை விட்டு, பில்டரைக் கொதிக்கவைத்து, கரியைச் சாம்பலாக்கிவிடும். அதற்கு நல்ல வேகத்தில், நடுவில் நிறுத்தாமல், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஓட வேண்டும். இவர் வண்டி கொதிக்க ஆரம்பிப்பதற்குள் வயல் வந்துவிடும், சாவியைத் திருகி அணைத்துவிடுவார். மாதம் ஒரு தடவை திருநெல்வேலி ரோட்டில் அறுபதில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள், சென்சாரும் பிழைக்கும் பில்டரும் பிழைக்கும் என்றேன். அட்டென்ஷனில் நின்று கேட்டார். பிறகு மறுத்துவிட்டார்.

“பார்டர்லயே நான் முப்பதத் தாண்டுனதில்ல. திருநெல்வேலி ரோட்டுல என்ன யுத்தமா நடக்கு?”

குற்றாலத்தில் ஒரு குளியல்

ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் கால் வீட்டில் தங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்துரை புனலூரில் காயை இறக்கிவிட்டு, இன்ஜின் ஆறுவதற்குள் வந்து, சொந்தபந்தம் பன்னிரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போயிருக்கிறான். எல்லாரும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்திருக்கிறார்கள். இவன் ஒரு வாளியோடு வண்டிக்கு அடியில் புகுந்து, அருவித் தண்ணீர் ஓடிவருகிற வாய்க்காலிலிருந்து மொண்டு மொண்டு புகைக்குழாயின் மேல் ஊற்றியிருக்கிறான். சீயக்காயும் போட்டானா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் எனக்குத்தான் கஷ்டம்.

அந்தக் குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு உள்ளே பீங்கான் இருக்கிறது. சூடாக இருக்கும்போது ஜில்லென்று தண்ணீர் பட்டால் கீறல் விட்டுவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுள். புதுசு மாட்டினோம். வண்டிக்கு அடியில் இனிமேல் தண்ணீரே படக்கூடாது என்று கத்தினேன். ஏன் மைனி என்று பவ்யமாகக் கேட்டான். ஹாரன் வயர் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. ஏன் என்று கேட்காதே, ஊற்றாதே என்றால் ஊற்றாதே என்று சொல்லி அனுப்பினேன். போகிற போக்கில் ரொம்ப மனத்தாங்கலாகச் சொல்லிவிட்டுப் போனான்.

“நாம எல்லாம் குளிக்கையில அது மட்டும் பாத்துட்டு நிக்கணுமாக்கும்.”

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தொழிலில் தீபாவளி. வண்டிக்காரர்கள் முந்தின நாள் பக்தியில் செய்த காரியங்கள் எல்லாம் காலையில் வரிசையாக வந்து நிற்கும். பேட்டரிக்குச் சுற்றிய பூமாலையை இன்ஜின் ஃபேனில் சிக்கவிட்டவர், எலுமிச்சம்பழத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டு ரேடியேட்டரில் ஓட்டை போட்டவர் என்று பல ரகம். வெள்ளத்துரை அவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான்.

இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்க, காற்றுக்குழாயில் ஒரு சென்சார் உண்டு. அதற்குள் இருக்கும் கம்பி தலைமுடியை விட மெல்லிசு. அதற்கென்று உள்ள ஸ்பிரேயை நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அடிப்பேன். இவன் அதைக் கழற்றி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஷாம்பு போட்டுத் தேய்த்து, காயவைத்து, கம்பியிலேயே சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறான். மறுநாள் மலையில் வண்டி மூச்சுத் திணறி, கடை திறக்கிற நேரத்துக்கு நூலிழையில் புனலூர் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதுதான் கடைசி என்று வியாபாரி மறுபடியும் விரலைக் காட்டினாராம். சொல்லும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்துதான் போயிருந்தான். இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன். பொட்டு வைத்தது தப்பு என்பதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

“எல்லா சாமானுக்கும் பொட்டு வச்சிட்டு இத மட்டும் விட்டா, அது என்ன மைனி நெனைக்கும்?”

இருபத்தைந்து நிமிஷம்

தை மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வெள்ளத்துரை வந்தான். இந்தத் தடவை விளக்கை மறைக்கவில்லை. எரிந்த உடனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். மஞ்சள் விளக்கு எரியுது மைனி என்று வாசலிலேயே சொன்னான். ஸ்கேனரில் பார்த்தேன். சென்சார்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பில்டரில்தான் கரி நிறைந்திருந்தது. எரித்துச் சுத்தம் பண்ணுகிற வேலையை அன்றைக்கே முடிக்காவிட்டால் மறுநாள் விடியற்காலையில் மலையில் வண்டி ஊரும், புனலூர் ஓட்டம் போய்விடும். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அப்போது என் முன்னால் வேறு மூன்று வண்டிகள் நின்றன. ஸ்கேனரிலேயே எரிக்கிற வேலையைத் தொடங்கிவிட்டு, நல்ல ரோடாகப் பார்த்து இருபத்தைந்து நிமிஷம் நிப்பாட்டாமல் ஓட்டு, இன்ஜினை அணைக்காதே என்றேன். எதுக்கு மைனி என்று வாயைத் திறந்தான். சொன்னால் மட்டும் விளங்கிவிடப் போகிறதா என்று நினைத்தேன். அந்த ஹவில்தாருக்குச் சொன்ன அளவுகூட இவனுக்குச் சொல்லவில்லை. எதுக்கு ஏன் என்று நிற்காமல் கிளம்பு என்று விரட்டினேன். சரி என்று போனான்.

நான் திருநெல்வேலி ரோட்டை மனதில் வைத்துச் சொன்னேன். அங்கே லாரியும் பஸ்ஸும் நிறுத்த வைத்துவிடும், சொன்னபடி நிறுத்தாமல் ஓட்ட முடியாது என்று அவன் யோசித்து, ஆள் நடமாட்டம் குறைவான சுரண்டை ரோட்டுக்குப் போயிருக்கிறான். அவன் அதுவரைக்கும் செய்ததிலேயே அறிவான காரியம் அதுதான். பதினைந்து நிமிஷம் ஒழுங்காக ஓட்டியிருக்கிறான். கீழப்பாவூர் தாண்டியதும் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் இது வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். வண்டியைப் பார்த்ததும் அந்த உளுந்துக்குச் சொந்தக்காரி கையைக் காட்டி, முன்னப் பின்ன ரெண்டு தடவ ஓட்டிட்டுப் போங்க என்று கேட்டிருக்கிறாள். கூடமாட உதவி செய்வதில் வெள்ளத்துரையை யாரும் மிஞ்ச முடியாது. நிப்பாட்டக்கூடாது என்றுதானே மைனி சொன்னாங்க, முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஓட்டம்தானே என்று நாலு தடவை போய்வந்திருக்கிறான். காய்ந்த செடியெல்லாம் அடியில் சுற்றி, கொதித்துக்கொண்டிருந்த பில்டரில் போய் ஒட்டியிருக்கிறது. ஏதோ புகைகிறதே, தூசியாக இருக்கும் என்று நினைத்து, இறங்கிப் பார்ப்பதற்காக உளுந்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்தினான். மறு நிமிஷம் தீ.

போன் வந்ததும் வீட்டுக்காரரோடு பைக்கில் ஏறி ஓடினேன். பக்கத்துக் கிணற்று மோட்டாரைப் போட்டு, ஈரச்சாக்கால் அடித்து அணைத்துவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரப்பிய உளுந்தில் பாதி சாம்பல். வண்டிக்கு அடியில் நான் பார்த்துப் பார்த்து மாட்டிய ட்யூப், வயர், சென்சார் எல்லாம் உருகித் தொங்கின. அந்தப் பெண் ரோட்டோரம் உட்கார்ந்து, கருகாததைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெள்ளத்துரை கைப்பக்கம் சட்டை கருகி நின்றான். நாளைக்கு வண்டி கிளம்புமா என்று என்னிடம் கேட்டான். வீட்டுக்காரர்தான் இல்லை என்று தலையாட்டினார். பில்டரைக் கழற்றியிருந்தால் எரிந்திருக்காது என்று அவர் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லாமல் வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. எரிகிற நேரத்தில் காய்ந்த சருகு மேல் போகாதே என்று ஒரே ஒரு வரி சொல்ல எனக்கு எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

பார்ட்ஸ் வந்து வண்டி எழும்பப் பதினொரு நாள் ஆனது. தீப்பிடித்த மறுநாள் காலையிலேயே புனலூர்க்காரர் வேறு வண்டி அமர்த்திவிட்டார். அந்த ஓட்டம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது குற்றாலத்து லாட்ஜுகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றுகிறான். சீசன் முடிந்தால் அதுவும் பாதிதான். சாவியை வாங்க வந்த அன்றைக்கு என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பிள்ளையார் முதல் சந்தனம் வரைக்கும் எடுத்துப் போட்டிருப்பேன். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்.

“நான் சொன்னாக் கேக்காதவன்தான் மைனி, இல்லங்கல. ஆனா இத நீங்க சொல்லவே இல்லியே.”

கேட்கமாட்டான் என்று தெரிந்தவனிடமும் விடாமல் சொல்வதற்குத்தான் இந்தத் தொழிலில் நமக்குக் கூலி, மற்றதையெல்லாம் மிஷினே பார்த்துக்கொள்ளும்.